மூக்கு வாசலில் காவல்

ஆகஸ்ட் 11, திங்கள்

எழுத்து மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? நானே எழுதி நானே படிக்கப்போகிற நோட்டு இது. ஆனாலும் பின்னொரு நாள் இதைப் பிரித்துப் படிக்கப்போகிற இதே மாணிக்கவேலுக்குக் கண் வலிக்குமே, அவனிடம் கேட்டுக்கொள்கிறேன். வலை இழுத்தும் மீன்பாடி வண்டி மிதித்தும் காய்ச்சுப்போன விரல்கள். பென்சில் அவற்றுக்குப் புது ஆள். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது.

எழுபத்தொரு வயதில் எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டது! இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து தெருவில் ஒரு நடை போய்விட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

காலையில் தாம்பரம் பேருந்து நிலையத்தில் நின்று எல்லாப் பலகையையும் படித்தேன். குன்றத்தூர். மேடவாக்கம். கோவிலம்பாக்கம். இத்தனை வருடமாக நம்பரைப் பார்த்தும் கண்டக்டரைக் கேட்டும் ஏறிய பேருந்துகள். ஒரு பையன் கேட்டான்: "இன்னா பெர்சு, எந்த பஸ்ஸு ஓணும்?"

"எதுவும் வாணாம்பா. சும்மா படிச்சிகினு கீறேன்."

அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் நாகலக்ஷ்மி டீச்சர் சொன்னார், தினமும் எழுத வேண்டியதில்லை, தோன்றும்போது எழுதுங்கள், ஒரு வரி போதும் என்று. என் வீட்டுக்காரி முத்துவிடம் சொன்னேன். அடுப்படியிலிருந்து பதில் வந்தது: "சட்டியில வவ்வா மீனு கருகுது. நீ ஆனா ஆவன்னா போட்டுகினு குந்து."

முத்தாலம்மாள் என்பது அவள் பெயர். அதையும் இன்று எழுதிப் பார்த்தேன். ஒரே வரியில் அடங்கிவிட்டது.


ஆகஸ்ட் 14, வியாழன்

முத்துவின் இழுப்பு மருந்து வாங்கப் போனேன். மருந்துக்கடைச் சுவரில் ஒரு தாள். நானே படித்தேன், யாரையும் கேட்கவில்லை. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், நுரையீரலைத் தாக்கும் ஒரு வைரஸுக்கு மூக்கில் விடும் புதுத் தடுப்பு மருந்து, ஆய்வில் சேர விரும்புவோர் வரலாம்.

போன மழைக்காலத்தை நினைத்தேன். என்னிடமிருந்துதான் ஆரம்பித்தது. எனக்கு வெறும் சளி. மூக்கைச் சிந்திவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். அது முத்துவிடம் போனது. பத்து நாள் ஆக்சிஜனில் கிடந்தாள். விறகுப் புகையிலும் கருவாட்டுப் புகையிலும் வெந்துபோன நுரையீரல் அவளுடையது. டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார், "இன்னொரு தடவை இப்படி வந்தா தாங்காது பெரியவரே. வீட்டுக்குள்ள சளியைக் கொண்டுவராம பாத்துக்குங்க."

அன்றிலிருந்து எனக்கு இந்த ஒரு பயம்தான். அவள் செத்துவிடுவாளோ என்பதுகூட அப்புறம். நான் கொண்டுவந்து கொடுத்துச் செத்துவிடுவாளோ.


ஆகஸ்ட் 22, வெள்ளி

சேர்ந்துவிட்டேன். முதல் சொட்டும் விட்டாயிற்று. மாளவிகா என்று ஒரு டாக்டரம்மா, என் மகன் பரணியைவிடச் சின்ன வயது. முத்துவையும் சேர்க்கச் சொன்னேன். நுரையீரல் கெட்டவர்களை இதில் எடுக்கமாட்டார்களாம்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "கையில ஊசி போட்டா காவல் ரத்தத்துல நிக்கும் ஐயா. அதாவது வீட்டுக்குள்ள. திருடன் உள்ள வந்தா அடிச்சிடும். ஆனா அவன் வாசல்லயே உக்காந்துக்கிட்டு பக்கத்து வீட்டுக்குப் போயிடலாம். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, உங்க மூச்சுலேர்ந்து இன்னொருத்தருக்குப் போயிடும். மூக்குலயே மருந்து விட்டா காவல் வாசல்லயே நிக்குமான்னு பாக்கறோம். நிக்கும்னு சொல்லல. பாக்கறோம்."

இதைத்தானே நான் தேடினேன்! எனக்கு வந்தால் வரட்டும். என்னைத் தாண்டிப் போகக்கூடாது.

மருந்தில் உயிருள்ள கிருமி கிடையாதாம். அதன் மேல்தோலில் ஒரு துண்டு மட்டும். புரிந்தது. செதிலைக் காட்டினால் போதும், இன்ன மீன் என்று நான் சொல்லிவிடுவேன் அல்லவா, அப்படி என் மூக்கும் பழகிக்கொள்ள வேண்டும்.

ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாதாம். முத்துவிடம் சொன்னதும் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "கடக்கரையில பொறந்தவனுக்கு மூக்குல உப்புத்தண்ணி உட்றதுக்கு டாக்டருக்குப் படிக்கணுமா?"

கைநாட்டு மை டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.


செப்டம்பர் 19, வெள்ளி

இரண்டாவது சொட்டு. கடைசிச் சொட்டும் இதுதான். இதில்தான் காவல் கெட்டிப்படும் என்றார்கள். ஒரு மணி நேரம் மூக்கைச் சிந்தக்கூடாது, தேய்க்கக்கூடாது. அரை மணி உட்கார வைத்து அனுப்பினார்கள்.

பேருந்து நிறுத்தம்வரை நடந்தேன். நின்றேன். கை தானாக இடுப்புக்குப் போனது. தானாக மூக்குப்பொடி மட்டையைப் பிரித்தது. ஒரு சிட்டிகை பொடி, மூக்கில். ஐம்பது வருடப் பழக்கம். பேருந்துக்கு நிற்கும்போதெல்லாம் போடுவது. உள்ளே போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

தும்மினேன். தும்மினேன். தும்மல் நிற்கவில்லை. பூக்காரம்மா, "நூறு வயசு, நூறு வயசு" என்று வாழ்த்தினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொறுக்கி எடுக்க முடியுமா என்ன?

போச்சு. எல்லாம் போச்சு.


செப்டம்பர் 20, சனி

பொடி மட்டையை ஏரிக்குப் போகும் கால்வாயில் எறிந்தேன். அதனால் என்ன.


செப்டம்பர் 22, திங்கள்

டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் முதலில் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

"இன்னொரு சொட்டு உட்டுடும்மா. யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"முடியாது ஐயா. உங்களுக்கு மட்டும் கூட விட்டா மொத்தக் கணக்கும் கெட்டுடும். பொடி போட்டேன்னு வந்து சொன்னீங்களே, அதையும் எழுதிக்கறேன். அது போதும்."

"உள்ள ஒட்டியிருக்குமா, ஒட்டியிருக்காதா?"

"தெரியல. இதுவரைக்கும் யாரும் பொடி போட்டுப் பாத்ததில்ல."

தெரியாது என்பதை இவ்வளவு சுலபமாகச் சொல்லும் படித்தவர்களை நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் அது பற்றவில்லை. தெரியாது என்பதை வைத்துக்கொண்டு நான் மழைக்காலத்தை எப்படித் தாண்டுவது?


செப்டம்பர் 29, திங்கள்

மூக்கில் காவல் இல்லை என்றே வைத்துக்கொண்டேன். இனி நானே காவல். வெளியே போனால் மாஸ்க். வந்ததும் சோப்பு. படுக்கை முன்னறைக்கு வந்துவிட்டது. முத்துவுக்கும் சட்டம் போட்டேன்: மார்க்கெட் கிடையாது, கோயில் கூட்டம் கிடையாது, கோவிலம்பாக்கமும் கிடையாது.

கோவிலம்பாக்கம் என்றதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கேதான் வெண்ணிலா இருக்கிறாள், முத்துவின் தம்பி மகள். தம்பி போன பிறகு முத்துதான் அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். இந்த மாதம் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது.

"நான் போவாம தொட்டில் யார் போடுவா? அவளுக்கு ஆத்தாவா அப்பனா?"

"மழை போவட்டும் முத்து. தை மாசம் போலாம்."

"தை மாசம் அவன் தொட்டில வுட்டு எறங்கி நடந்துருவான். போய்யா."


அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

வெடிச் சத்தத்தில் எழுத்து ஓடவில்லை. தெரு முழுக்கப் புகை. சன்னல் இடுக்கில் ஈரத் துணி வைத்து அடைத்தேன். முத்து நல்லாத்தான் இருக்கிறாள். வாழைக்காய் பஜ்ஜி சுட்டாள்.


அக்டோபர் 23, வியாழன்

முத்து இருமுகிறாள். வெடிப் புகை என்கிறாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். போன வருடமும் தீபாவளிக்கு இருமினாள்.


அக்டோபர் 28, செவ்வாய்

காலையில் எழுந்ததும் மூக்கில் தண்ணீர்.

இல்லை, இல்லை, மழைக் குளிர் என்று சொல்லிப் பார்த்தேன். மதியத்துக்குள் தொண்டை கரகரத்தது. வந்துவிட்டது. வாசலில் காவலும் இல்லை, ஒன்றும் இல்லை. நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆய்வுக்காரர்களுக்கு போன் செய்தேன். சளி என்றால் உடனே சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம். வந்து மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். நான் வீட்டுக்குள் போகவில்லை. மீன்பாடி வண்டி நிற்கும் தகரக் கொட்டகையில் பாய் போட்டுக்கொண்டேன். முத்து வாசல்படியில் நின்று தட்டை நீட்டினாள்.

"இன்னாய்யா, பொண்டாட்டி வூட்ட வுட்டுத் தொரத்தினாப்புல குந்திகினு கீற. தெருவே சிரிக்குது."

"கிட்ட வராத. அங்கியே வை."

அவள் இருமினாள். வெடிப் புகை இன்னுமா இருக்கும்?


அக்டோபர் 30, வியாழன்

அவளால் படி இறங்க முடியவில்லை. ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்குகிறாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கிறது. பரணி தன் ஷேர் ஆட்டோவிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நான் பின்னால் இன்னொரு ஆட்டோவில். அவளோடு ஒரே வண்டியில்கூட உட்கார முடியவில்லை.


அக்டோபர் 31, வெள்ளி

ஐ.சி.யூ. எனக்குச் சளி இருப்பதால் உள்ளே விடமாட்டார்கள். நியாயம்தான். வெளியே வேப்பமரத்தடியில் இருக்கிறேன்.


நவம்பர் 1, சனி

என் சளி போய்விட்டது. முழுதாக நான்கு நாள்கூட இல்லை. சனியன், வந்த வேலை முடிந்ததும் போய்விட்டது.


நவம்பர் 2, ஞாயிறு

மூக்கில் எடுத்ததற்கு முடிவு வந்துவிட்டது. ஆர்.எஸ்.வி. நான் மருந்து போட்டுக்கொண்டது எந்தக் கிருமிக்கோ அதே கிருமி. முத்துவுக்கும் அதுதான்.

நான்தான். நான்தான் கொண்டுவந்தேன். ஒரு சிட்டிகை பொடிக்கு. ஐயோ முத்து, ஒரு சிட்டிகை.


நவம்பர் 3, திங்கள்

இறுக்கமான முகமூடி மாட்டி அவளுக்குக் காற்றை அழுத்தி அனுப்புகிறார்களாம். பேச முடியாது. ஜான்சி என்று ஒரு நர்ஸ் வெளியே வந்து, "தாத்தா, எதாவது சொல்லணுமா? நான் போய்ச் சொல்றேன்" என்றாள். என்ன சொல்வது? நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக்கொடுத்தேன்: முத்து, நான் வெளியே மரத்தடியில் இருக்கிறேன். பயப்படாதே. மாணிக்கம்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஜான்சிதான் காதருகே படித்துக் காட்டியிருக்கிறாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு. "தாளைக் கையில வாங்கித் தடவிப் பாத்தாங்க தாத்தா. குடுக்கவே மாட்டேன்னுட்டாங்க. தலகாணிக்குக் கீழ வெச்சிருக்காங்க."

நாற்பத்தெட்டு வருடம் ஒரே வீடு. அவளுக்கு நான் எழுதிய முதல் கடிதம் இது. இன்றைக்கும் ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தேன். எழுதிவிட்டேன், மறைக்கவில்லை.


நவம்பர் 4, செவ்வாய்

இன்னொரு தாள் கொடுத்தேன். பொடி போட்டதை எழுதினேன். என்னால்தான் என்று எழுதினேன்.

ஜான்சி வெகு நேரம் கழித்து வந்தாள். தண்ணீர் கொடுப்பதற்காக முகமூடியைக் கொஞ்சம் எடுத்திருக்கிறார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் முத்து விட்டு விட்டுச் சொல்லியிருக்கிறாள். ஜான்சி அப்படியே சொன்னாள்:

"அந்தாளு அழுவாத இருக்கச் சொல்லு. நான்தான் கொண்டாந்தேன். தொட்டிலுக்குப் போனேன்."

மீதியையும் முத்து துண்டு துண்டாகச் சொன்னதை ஜான்சி கோத்துச் சொன்னாள். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. நான் சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து எழுத்தைக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது, கோவிலம்பாக்கம் பேருந்தில் ஏறிப் போய், தொட்டில் போட்டு, குழந்தை காதில் மூன்று தரம் பெயர் சொல்லிவிட்டு, நான் வருவதற்கு முன்னால் திரும்பி வந்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி குழம்பு வைத்திருக்கிறாள். ஹர்ஷா என்று பெயர். அவள் வாயில் அர்சா என்றுதான் வந்திருக்கும்.

இன்னும் இருக்கிறது. குழந்தைக்கு அன்றைக்கு மூக்கடைப்பு. பால் குடிக்க முடியாமல், வாய் வைத்து வைத்து விட்டுவிட்டு அலறியிருக்கிறான். வெண்ணிலா கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறாள். முத்து குழந்தையை வாங்கி, அவன் மூக்கில் வாயை வைத்து உறிஞ்சித் துப்பியிருக்கிறாள். இரண்டு பக்கமும். நம் ஆட்களில் பெரியவர்கள் எல்லோரும் செய்வதுதான். பரணிக்கும் அவள் இப்படித்தான் செய்தாள், நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கியிருக்கிறது.

நான் வாசலில் நின்று இத்தனை காவல் காத்தேன். அவள் போய் வாயால் உறிஞ்சிக்கொண்டு வந்திருக்கிறாள்.


நவம்பர் 5, புதன்

டாக்டரம்மா மாளவிகாவைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார், "அப்ப உங்ககிட்டேர்ந்து அவங்களுக்குப் போகல ஐயா. அவங்ககிட்டேர்ந்துதான் உங்களுக்கு வந்திருக்கு. கைக்குழந்தைக்கும் வயசானவங்களுக்கும்தான் இது பெரிய ஆபத்து. நடுவுல இருக்கறவங்களுக்கு வெறும் சளி."

"எனக்கும் வயசுதானே ஆச்சு. எனக்கு ஏன் நாலு நாள்ல போச்சு? அப்ப எனக்கு விட்டது மருந்துதானே?"

"இருக்கலாம். உப்புத் தண்ணியாவும் இருக்கலாம், உங்க உடம்பே சமாளிச்சிருக்கலாம். ஒருத்தரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் இத்தனை பேரைச் சேர்த்திருக்கோம்."

காலில் விழுந்துவிட்டேன். வெட்கமில்லை. அந்த மருந்தில் ஒரு சொட்டு முத்துவுக்குக் கொடுங்கள் என்றேன். இல்லையென்றால் என் ரத்தத்தை எடுங்கள், என் ரத்தத்தில் அந்தக் காவல் இருக்குமே, அதை அவளுக்கு ஏற்றுங்கள். "எவ்ளோ ஓணும்னாலும் எட்த்துக்கோம்மா. எனுக்கு எதுக்கு இது?"

அவர் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "ஐயா, தடுப்பு மருந்து பழக்கறதுக்கு. பழகறதுக்கு வாரக்கணக்குல ஆகும். இப்ப அவங்களுக்கு நடக்கறது வேற. வைரஸ் பாதி போயிருச்சு. அதை அடிக்கப் போன படைதான் இப்ப நுரையீரல்ல நிரம்பி நிக்குது. வீக்கம், தண்ணி, சளி. ஏற்கனவே இடிஞ்ச வீடு. உங்க ரத்தம் அங்க போய் ஒண்ணும் செய்யாது."

சொந்தப் படையே வீட்டை உடைக்குமா? எந்தக் கடவுள் கட்டின கோட்டை இது?


நவம்பர் 6, வியாழன்

பரணிக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று போனில் வெண்ணிலாவிடம் கத்தினான். "சளி புடிச்ச கொயந்தய எங்கம்மா மடியில போட்டியே, நீ நல்லா இருப்பியா? எங்க வூட்டாண்ட வந்த, அவ்ளோதான்!"

அந்தப் பக்கம் அழுகை எனக்கும் கேட்டது. குழந்தையும் வேறு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனில் இருந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறதாம்.

நான் தடுக்கவில்லை. பிழைத்துவிட்டதா அது என்று நினைத்தேன். எழுதக்கூடாது இதை. ஆனால் நினைத்தேன். அது பிழைத்துவிட்டது, இவள் கிடக்கிறாள் என்று நினைத்தேன்.


நவம்பர் 7, வெள்ளி

தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்கள். இனி தாள் வேண்டாம் என்றாள் ஜான்சி. மயக்கத்தில் இருப்பாளாம். இருந்தாலும் ஒன்று எழுதிக்கொடுத்தேன். படித்துக் காட்டினேன் என்றாள். நல்ல பெண்.


நவம்பர் 8, சனி

இன்றைக்கு என்னை உள்ளே விட்டார்கள். கவுன், மாஸ்க் எல்லாம் மாட்டி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விரலிடுக்கில் மீன் செதில் கீறின பழைய தழும்பு. மெஷின்தான் மூச்சு விடுகிறது. முத்து, நான் பேசினேன், கேட்டதா?


நவம்பர் 9, ஞாயிறு

விடிவதற்கு முன்னால் போய்விட்டாள்.


நவம்பர் 14, வெள்ளி

எழுத உட்கார்ந்தால் வருவது ஒரே ஒரு பெயர். அதை எழுதி எழுதி ஒரு பக்கம் போய்விட்டது. அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன்.

சமையலறையில் அவள் புளி ஊறவைத்த கிண்ணம் அப்படியே பூஞ்சை பிடித்துக் கிடந்தது. கழுவினேன்.


நவம்பர் 18, செவ்வாய்

டாக்டரம்மா போன் செய்தார். வருத்தம் சொன்னார். ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம், கட்டாயமில்லை, ரத்தம் எடுக்க இன்னும் இரண்டு தரம்தான் பாக்கி, வராவிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றார்.

யாருக்காகச் சேர்ந்தேனோ அவள் இல்லை. இனி என் மூக்கில் காவல் நின்றால் என்ன, படுத்துத் தூங்கினால் என்ன? யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பரணி கேட்டுக்கொண்டிருந்தான். "வுடு நைனா. போதும். அவங்க கணக்குக்கு நம்ம எதுக்கு?"

அவன் சொல்வதும் சரிதான்.


நவம்பர் 25, செவ்வாய்

நேற்று பதினாறாம் நாள் காரியம். சொந்தக்காரர்கள் நீலாங்கரையிலிருந்தும் கோவளத்திலிருந்தும் வந்திருந்தார்கள். பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தபோது ஒருத்தி வந்து என் காதில் சொன்னாள்: தெருமுனையில் ஒரு ஆட்டோ வெகு நேரமாக நிற்கிறது, உள்ளே வெண்ணிலா, இறங்க மாட்டேன் என்கிறாள்.

பரணியும் கேட்டுவிட்டான். முகம் மாறிவிட்டது. "வந்துட்டாளா? நான் போய்ப் பேசிக்கறேன்." எழுந்தான்.

"குந்து," என்றேன்.

"நைனா, அவளாலதான்..."

"குந்துடா."

நான் போனேன். வழி முழுக்க என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மனதில் நல்லது இல்லை. ஆட்டோவுக்குள் அவள் பாதியாகிப் போயிருந்தாள். குழந்தையைச் சேலைக்குள் மூடி வைத்திருந்தாள், நான் அடித்துவிடுவேன் என்பது மாதிரி.

"மாமா, அத்தைய கேட்டேன் மாமா. வாணாம் அத்த, உனுக்கு மூச்சு இழுப்பு கீதுன்னு சொன்னேன். கேக்கலயே. போடீ, கொயந்த பசியில கத்துது, நீ நாயம் பேசிகினு நிக்கறன்னு திட்டுச்சு. நான் இன்னா மாமா பண்ணட்டும்?"

"அவ எப்பக் கேட்டா?" என்றேன்.

"ஆஸ்பத்திரில டாக்டர் சொன்னாரு மாமா, ஒரு நாள் முழுக்கப் பால் எறங்காத இருந்திருந்தா கொயந்த தாங்கியிருக்காதுன்னு." அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "எனுக்கு எத நெனச்சு அழுவறதுன்னே தெரியல."

அவள் முகத்தை மூடியதில் சேலை விலகிவிட்டது. குழந்தை என்னைப் பார்த்தான். முத்துவின் தம்பி மூக்கு. அதாவது முத்துவின் மூக்கு. மூச்சு சுத்தமாக வந்து போனது, ஒரு கரகரப்புகூட இல்லை.

கையை நீட்டினேன். நீட்டிவிட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பந்தலில் நாற்பது பேரோடு உட்கார்ந்துவிட்டு வந்தவன் நான். பையில் மாஸ்க் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டேன், மூக்கின் மேல் நன்றாக அழுத்தி. ஆட்டோக்காரரிடம் தண்ணீர் வாங்கிக் கை கழுவினேன். அப்புறம்தான் வாங்கினேன்.

கனமே இல்லை. ஒரு வஞ்சிரம் இதைவிடக் கனம்.

"பந்தலுக்குள்ள வாணாம்மா," என்றேன். "கூட்டம். எல்லாம் இருமிகினு கீறானுங்க. கொட்டாயில குந்தலாம். இலைய அங்க கொண்டாரச் சொல்றேன்."

மீன்பாடி வண்டி நிற்கும் கொட்டகையில் உட்கார்ந்தோம். பரணிதான் இலையைக் கொண்டுவந்தான். வெண்ணிலா முன்னால் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, பாயசத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் போனான். போனவன் திரும்பி வந்து, தூரத்திலிருந்தே எட்டிக் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனான்.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன், ஒன்றரை மாத ஊசி போட்டாயிற்றா என்று. இல்லையாம். உடம்பு சரியில்லாமல் தள்ளிப்போனது, அப்புறம் வெளியே முகம் காட்டப் பயந்துகொண்டு அவள் போகவே இல்லை. நான் திட்டினேன். முத்து இருந்திருந்தால் இன்னும் நன்றாகத் திட்டியிருப்பாள். எனக்கு அவ்வளவு வராது.

இன்று காலையில் டாக்டரம்மாவுக்கு போன் செய்து, வெள்ளிக்கிழமை ரத்தம் கொடுக்க வருகிறேன் என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு கைக்குழந்தை இருக்கிறது, அடிக்கடி வந்து போவான் என்று சொல்லியிருப்பேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு ஊசி புதன்கிழமைதான். நாளைக்கு வெண்ணிலா மாமியார் வீட்டில் ஏதோ வேலையாம், அதனால் அடுத்த புதன். நான் கோவிலம்பாக்கம் போய் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். எந்தப் பேருந்து என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஊசி குத்தும்போது நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறாள், அவளுக்குப் பார்க்கப் பயமாம். எனக்கும் பயம்தான், சொல்லவில்லை. ஹர்ஷா எவ்வளவு நேரம் அழுதான், எந்தத் தொடையில் போட்டார்கள், ராத்திரி காய்ச்சல் வந்ததா, எல்லாவற்றையும் அடுத்த வாரம் வந்து உட்கார்ந்து எழுத வேண்டும். மெதுவாகத்தான் வரும். ஆனால் எழுதிவிடுவேன்.